பானெட் வென்ட்டின் அடி மூடியைக் கழற்றி இன்ஜின் சூட்டைக் குறைப்பது எப்படி

வெயில் நாளில் ட்ராக்கில் நாலு சுற்று அழுத்தி ஓட்டிப் பாருங்கள். கூலன்ட் வெப்பநிலை 95, 100, 105 என்று ஏறிக்கொண்டே போகும், நேர்ப்பாதையில் கொஞ்சம் இறங்குகிற மாதிரி இருக்கும், அடுத்த வளைவைத் தாண்டுவதற்குள் மறுபடி ஏறிவிடும், கடைசியில் வண்டியே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பவரைக் குறைத்துவிடும். இந்த நிலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் உடனே பெரிய ரேடியேட்டர் விலை விசாரிக்கப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் பானெட்டைத் தூக்கி, வென்ட் (காற்று போக வெட்டிய திறப்பு) இருக்கிற இடத்தை அடிப்பக்கத்திலிருந்து ஒரு தடவை பாருங்கள். அங்கே ஒரு தட்டு அடைத்துக்கொண்டிருந்தால், செலவில்லாமல் கிடைக்க வேண்டிய குளிர்ச்சியை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது.

அந்தத் தட்டு எதற்கு என்றால், மழைக்கு. வண்டியை வடிவமைத்தவர்களுக்கு அது சூட்டைத் தடுக்கும் என்று தெரியும்தான். ஆனால் தினமும் ஓடுகிற வண்டி மழையில் நிற்கும், வாட்டர் வாஷுக்குப் போகும், மரத்தடியில் இலை கொட்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மூடி போட்டு அனுப்புகிறார்கள். சில கம்பெனிகள் அதைக் கழற்றும்படியாகவே செய்கின்றன. 2020-இல் வந்த ஃபோர்டு மஸ்டாங் ஷெல்பி ஜிடி500 நல்ல உதாரணம்: 5.2 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு வி8, 760 குதிரைத்திறன், பானெட்டில் 31-க்கு 28 அங்குலத்தில் பெரிய வென்ட், அதற்கு அடியில் கழற்றி மாட்டக்கூடிய அலுமினியம் மழைத் தட்டு. அவ்வளவு பெரிய ஓட்டையை வெட்டிவிட்டு அதன் கீழேயே தட்டும் வைத்திருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான், ரோட்டுக்குத் தட்டு வேண்டும், ட்ராக்குக்கு வேண்டாம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் உங்கள் வண்டியில் கழற்றலாமா வேண்டாமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். ரேடியேட்டர் வழியாக எவ்வளவு காற்று போகிறது என்பதை முன்னால் இருக்கிற கிரில் மட்டும் முடிவு செய்வதில்லை. முன்பக்கம் இருக்கும் அழுத்தத்துக்கும் ரேடியேட்டருக்குப் பின்னால் இன்ஜின் பேயில் (இன்ஜின் உட்கார்ந்திருக்கும் அறையில்) இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் காற்றைத் தள்ளுகிறது. உள்ளே வந்த காற்று வெளியே போக வழியில்லாமல் முட்டிக்கொண்டு நின்றால், கிரில்லை எவ்வளவு பெரிதாக்கினாலும் புதுக் காற்று உள்ளே வராது, பம்பருக்கு முன்னாலேயே பிரிந்து பக்கவாட்டில் ஓடிவிடும். அடைசலான பஸ்ஸில் பின்படி திறக்காமல் முன்படியில் ஆள் ஏற்றப் பார்ப்பது மாதிரி. நாம் செய்யப்போவது பின்படியைத் திறக்கிற வேலை.

வண்டி வேகமாகப் போகும்போது பானெட்டின் முன்பகுதியில், மூக்கைத் தாண்டி காற்று வளைந்து ஏறுகிற இடத்தில், அழுத்தம் குறைவாக இருக்கும். கண்ணாடியின் அடிப்பக்கத்தில், வைப்பர் இருக்கிற பள்ளத்தில், காற்று முட்டி நிற்பதால் அழுத்தம் கூடுதலாக இருக்கும். அதனால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் வென்ட் சூட்டை உறிஞ்சி வெளியே எடுக்கும். கண்ணாடியை ஒட்டி இருக்கும் வென்ட்டோ வேகத்தில் வெளிக்காற்றை உள்ளே தள்ளும். 1960-களின் கடைசியில் ஷெவர்லே கமாரோவில் வந்த கவுல் இன்டக்ஷன் பானெட் இதே அழுத்தத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டது, கண்ணாடி அடியிலிருந்து காற்றை எடுத்து கார்புரேட்டருக்குக் கொடுத்தது. இன்ஜினுக்குக் காற்று ஊட்ட அது அருமையான ஏற்பாடு. சூட்டை வெளியேற்ற அந்த இடம் உதவாது. உங்கள் வென்ட் அங்கே இருந்தால் மூடியைக் கழற்றிப் பெரிதாக எதுவும் கிடைக்காது, சில நேரம் இன்ஜின் பேயின் அழுத்தம் கூடி இருந்த குளிர்ச்சியும் குறையும்.

இன்னொன்று, பானெட்டில் ஓட்டை மாதிரி தெரிவதெல்லாம் வென்ட் இல்லை. சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் பானெட்டின் நடுவில் இருக்கும் ஸ்கூப், இன்ஜின் மேல் உட்கார்ந்து, டர்போ அழுத்திய காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலருக்குக் காற்று கொண்டுபோகிற வழி. அதன் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றினால் இன்டர்கூலருக்குப் போக வேண்டிய காற்று சிதறிப்போகும், உள்ளே போகிற காற்று சூடாகும், பவர் போகும். ஏர் ஃபில்டர் பெட்டியோடு ரப்பர் சீல் வைத்து இணைந்திருக்கும் ஸ்கூப்பும் இதே கதைதான். டர்போவுக்கு நேர் மேலே பானெட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளி நிறத் தகடு வெப்பக் கவசம், அது பெயின்ட்டையும் பக்கத்து ஒயரையும் காப்பாற்றுகிறது, அதில் கை வைக்க வேண்டாம். அப்புறம் வெறும் அழகுக்கு ஒட்டிய போலி வென்ட்டுகள் இருக்கின்றன, அடியில் முழு இரும்புத் தகடு இருக்கும், அதில் செய்ய ஒன்றுமில்லை. நமக்கு வேண்டியது மேலே திறந்த லூவர் (சாய்ந்த பட்டைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகள்), கீழே போல்ட்டிலோ கிளிப்பிலோ தனியாகத் தொங்கும் தட்டு. அது மட்டும்தான்.

கழற்றுவதற்கு முன்னால் கம்பளி நூல் சோதனை ஒன்று செய்துவிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை, கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம். நல்ல நிறத்தில் கம்பளி நூலை 8 அல்லது 10 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, வென்ட்டின் முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு, இரண்டு பக்கம் என்று வரிசையாக, ஒவ்வொன்றின் ஒரு முனையை மட்டும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். ஆள் நடமாட்டமில்லாத நேரான ரோட்டில் சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் ஓட்டுங்கள், பக்கத்து சீட்டில் இருப்பவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும், ஓட்டுகிறவர் நூலைப் பார்க்கக் கூடாது. மூடி இருக்கும்போது ஒரு முறை, கழற்றிய பிறகு அதே ரோட்டில் அதே வேகத்தில் இன்னொரு முறை. வெளியேற்றுகிற வென்ட்டாக இருந்தால், மூடியைக் கழற்றியதும் லூவர் இடுக்கில் இருக்கிற நூல் பானெட்டிலிருந்து எழும்பி பின்பக்கமாகச் சாய்ந்து படபடவென்று அடிக்கும். நூல் லூவருக்குள் நுழைந்து வளைந்து கிடந்தால் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம், மூடியைத் திரும்ப மாட்டிவிடலாம். காற்றின் இழுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் 50 கிலோமீட்டரில் நூல் சோம்பிக் கிடப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், 100-இல் அந்த விசை நான்கு மடங்கு.

மூடியைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து உண்மையான கோளாறை விட்டுவிடக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். கூலன்ட் அளவு குறைவா, தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கிறதா, ஃபேன் இரண்டு வேகத்திலும் ஓடுகிறதா, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்ஸரில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கிறதா, இதெல்லாம் முதலில். ரேடியேட்டர் மூடியை யாரும் கண்டுகொள்வதே இல்லை. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும், அந்த மூடி ஒரு பார் அழுத்தம் பிடித்து வைத்தால்தான் 130-க்குப் பக்கம் வரை தாங்கும். மூடியின் ரப்பர் விட்டுப்போயிருந்தால் வென்ட் திறந்தாலும் கொதிக்கும். ரேடியேட்டரின் பக்கவாட்டு இடைவெளிகளில் இருக்கும் ஃபோம் பட்டைகள் கிழிந்திருந்தால் அவற்றையும் சரி செய்யுங்கள், காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும், ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போக இடம் இருந்தால் அதன் நடுவே நுழைந்து போகாது. சிலர் சூடு குறையட்டும் என்று இன்ஜினுக்கு அடியை மூடியிருக்கும் அண்டர்ட்ரேயையும் கழற்றிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். வண்டிக்கு அடியில் ஓடும் காற்று நேராக இன்ஜின் பேக்குள் புகுந்து அங்கே அழுத்தத்தை ஏற்றும், மேலே நீங்கள் திறந்த வழியின் பலன் கீழே போய்விடும்.

சரி, வேலைக்கு வருவோம். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், ஓட்டி வந்து இரண்டு மணி நேரமாவது ஆகட்டும். பல வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், அதனால் சாவியை எடுத்து வண்டியிலிருந்து தள்ளி வைத்துவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான்: 8, 10 மி.மீ. சாக்கெட், ராட்செட், நீளமான எக்ஸ்டென்ஷன், டார்க்ஸ் பிட் டி20-இலிருந்து டி30 வரை, பிளாஸ்டிக் டிரிம் கருவி, மூக்கு நீண்ட குறடு, காந்தம் வைத்த கிண்ணம், இரண்டு பழைய டர்க்கி டவல், டார்ச். பானெட்டைத் தாங்குகிற கேஸ் ஸ்ட்ரட் பழசாகி இறங்குகிறதென்றால் ஒரு கட்டை முட்டுக் கொடுத்துவிடுங்கள், தலைக்கு மேல் நிற்பது அந்தப் பாரம்தான்.

முதலில் இன்ஜின் மேல், முக்கியமாக பெல்ட் பக்கமும் இன்டேக் பக்கமும், டவலை விரித்துவிடுங்கள். இதைத் தவறவிட்டு ஒருமுறை ஒரு 10 மி.மீ. நட்டைத் தேடி ஒரு மாலை முழுக்கச் செலவழித்தேன். விழுந்த சத்தம் கேட்டது, எங்கே போனது என்று தெரியவில்லை, கடைசியில் அண்டர்ட்ரேயைக் கழற்றியபோது ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டுக்குக் கீழே ஒரு மடிப்பில் கிடந்தது. பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் போயிருந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்த நொடியே பெல்ட் போயிருக்கும்.

அடுத்தது, தட்டைக் கவனமாகப் பாருங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் வாஷர் குழாய் பல வண்டிகளில் பானெட்டின் அடியில், இந்தத் தட்டின் ஓரமாகவோ அதன் கிளிப்பில் மாட்டியோதான் போகும். அதை முதலில் கிளிப்பிலிருந்து விடுவிக்க வேண்டும், இழுத்தால் இணைப்பு கழன்றுவிடும். பானெட்டின் அடியில் கறுப்பு இன்சுலேஷன் துணி இருந்து, தட்டின் விளிம்பு அதற்குள் மறைந்திருந்தால், துணியின் கிளிப்புகளை அந்தப் பக்கம் மட்டும் எடுத்தால் போதும். நடுவில் பொத்தான் இருக்கிற பிளாஸ்டிக் கிளிப்பில், முதலில் அந்தப் பொத்தானை மட்டும் டிரிம் கருவியால் நிமிண்டித் தூக்கிவிட்டு அப்புறம் முழு கிளிப்பை எடுங்கள். பொத்தான் வெளியே வராமல் கிளிப்பை நெம்பினால் கால்கள் உடைந்துவிடும், சூட்டில் வருஷக்கணக்காக இருந்த பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி நொறுங்கும்.

நட் இருந்தால், எல்லாவற்றையும் முதலில் பாதியளவு தளர்த்துங்கள், ஒன்றை முழுதாக எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். தட்டு ஒரு பக்கம் தொங்கி மற்ற ஸ்டட்டுகளை (நட் மாட்டுகிற, பானெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பிகளை) வளைக்கும். பானெட் அலுமினியமாகவோ கார்பன் ஃபைபராகவோ இருந்தால் ஸ்டட் பெரும்பாலும் ஒட்டியோ பதித்தோ வைத்ததாக இருக்கும், நட் துருப்பிடித்து ஸ்டட்டோடு சேர்ந்து சுற்றினால் உடனே நிறுத்துங்கள். துருவை இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, அரைமணி நேரம் கழித்து, இறுக்கும் பக்கம் ஒரு துளி, தளர்த்தும் பக்கம் ஒரு துளி என்று மாற்றி மாற்றி அசைத்தால் பெரும்பாலும் வழிக்கு வரும். பவர் டூல் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். கடைசி இரண்டு நட்டை எடுக்கும்போது ஒரு கையைத் தட்டுக்கு அடியில் கொடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் எடுத்த பிறகும் தட்டு வரவில்லை என்றால் ஓரத்தில் சீலன்ட் பிடித்திருக்கிறது, முடி உலர்த்தும் டிரையரால் மிதமாகச் சூடு காட்டி, டிரிம் கருவியை மெல்ல விளிம்போடு ஓட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் பானெட்டின் மேல்பக்கம் பரு மாதிரி எழும்பும், அதைப் பெயின்ட் அடித்தும் மறைக்க முடியாது.

தட்டு வெளியே வந்ததும் நட்டுகளை அந்தந்த ஸ்டட்டிலேயே கையால் திருகி வைத்துவிடுங்கள், தொலையாது, மரையும் கெடாது. ஆனால் ஓடும்போது ஆடி விழாத அளவுக்கு, லேசாக ஸ்பேனர் பட இறுக்குங்கள். லூவருக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று இப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபியூஸ் பாக்ஸா, ஆல்டர்னேட்டரா, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில்களா, ஏர் ஃபில்டரின் வாயா? இது தெரிந்தால்தான் மழை வந்தால் எவ்வளவு பதற வேண்டும் என்பது தெரியும். கல் விழும் என்ற பயம் இருந்தால் கண் பெரிய உலோக வலை போடலாம், கொசுவலை மாதிரி நெருக்கமானது போட்டால் கழற்றின தட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கடைசியாக பானெட்டை மூடி, இரண்டு பூட்டும் பிடித்திருக்கிறதா என்று கையால் தூக்கிப் பாருங்கள். ஜிடி500-க்கு கொடுத்தது மாதிரி பானெட் பின்கள் இருந்தால் எல்லாவற்றையும் போடுங்கள், ஒன்றைக்கூட விடாமல்.

பலன் இருக்கிறதா என்பதை முள்ளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. நிறைய வண்டிகளில் கூலன்ட் முள் 80-இலிருந்து 105 வரை நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள், அது அசையும்போது நிலைமை கைமீறியிருக்கும். ஓபிடி ரீடர் (வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து எண்களைப் படிக்கிற கருவி) ஒன்றை மாட்டி கூலன்ட், இன்டேக் காற்று, கிடைத்தால் ஆயில் வெப்பநிலை மூன்றையும் பதிவு செய்யுங்கள். ஒரே நாள், ஒரே ட்ராக், அதே எண்ணிக்கை சுற்றுகள், மூடியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை. உச்ச எண்ணை விட, நேர்ப்பாதையில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள், வென்ட் வேலை செய்வது அங்கேதான் பளிச்சென்று தெரியும். பதிவு வித்தியாசமே காட்டவில்லை என்றால் தடை வேறெங்கோ இருக்கிறது. நின்ற பிறகும் ஒரு பலன் உண்டு. சுற்று முடித்து வண்டியை நிறுத்தினால் லூவர் மேலே காற்று நீர் மாதிரி நெளிந்து ஏறும். மூடி இருந்தபோது அந்தச் சூடு முழுக்க ஒயர்களையும் ரப்பர் குழாய்களையும் வேகவைத்துக்கொண்டிருந்தது.

மழை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஓடும்போது வருகிற தூறலைவிட, நிறுத்தி வைத்திருக்கும்போது பெய்யும் மழையும், வாட்டர் வாஷில் பிரஷராக அடிக்கும் தண்ணீரும்தான் ஆபத்து. நான் தட்டைக் கழற்றி வைத்திருந்த வாரத்தில் வண்டியைக் கழுவக் கொடுத்துவிட்டேன், சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் காலை ஸ்டார்ட் ஆனது, ஆனால் இன்ஜின் நொண்டியது, செக் இன்ஜின் விளக்கு மின்னியது. காயிலை உருவிப் பார்த்தால் மூன்றாவது பிளக் குழிக்குள் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர், காயிலின் ரப்பர் உறையைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. அப்படியே பிளக்கைக் கழற்றியிருந்தால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். பஞ்சாலும் காற்றாலும் குழியை முழுக்க உலர்த்திய பிறகுதான் பிளக்கில் கை வைத்தேன். அதிலிருந்து தட்டு கழற்றியிருக்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு டேப் ஒட்டி 'தட்டு இல்லை' என்று எழுதி வைக்கிறேன், வண்டியை யார் கையில் கொடுத்தாலும் அவர்கள் கண்ணில் படும்.

வென்ட்டிலிருந்து கிளம்பும் சூடான காற்று கண்ணாடி அடியில் இருக்கும் ஏசி காற்று வாய்க்குள் போகும், அதனால் உள்ளே ரப்பரும் எண்ணெயும் கலந்த வாடை வந்தால் பயப்படாமல் ஏசியை உள்சுழற்சியில் போடுங்கள். இனிப்பான வாடை வந்தால் மட்டும் நிறுத்திப் பாருங்கள், அது கூலன்ட் கசிவு. இத்தனை நாளும் மூடி மறைத்து வைத்திருந்ததாக இருக்கலாம்.

திரும்ப மாட்டும்போது தட்டைத் துடைத்து, வடிகால் துளைகளில் அடைத்திருக்கும் இலைத்தூளை ஒரு கம்பியால் குத்தி எடுத்துவிடுங்கள், அவை அடைத்திருந்தால் தட்டில் தேங்கிய தண்ணீர் பிரேக் பிடித்ததும் மொத்தமாக இன்ஜின் மேல் கொட்டும். எல்லா நட்டையும் முதலில் கையால் நாலு மரை ஏற்றிவிட்டு, அப்புறம் எதிரெதிராக இறுக்குங்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் டார்க் (இறுக்கும் விசை) அளவுதான் சரியானது. அது கையில் இல்லையென்றால் சின்ன ராட்செட்டை இரண்டு விரலால் பிடித்து, தட்டு அசையாமல் உட்காருகிற அளவோடு விட்டுவிடுங்கள். வாஷர் குழாயை மறுபடி கிளிப்பில் மாட்டி, கண்ணாடிக்கு ஒரு தடவை தண்ணீர் அடித்துப் பாருங்கள், அப்புறம் டவலை எடுத்துவிட்டு பானெட்டை மூடலாம்.